ஸ்விட்ச்சின் லாக்கைச் சீர்செய்து ஒரு நூற்பாலையின் நெட்வொர்க் பழுதைக் கண்டறிந்த விதம்

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு நூற்பாலையின் நெட்வொர்க்கை நான் பராமரித்து வருகிறேன். அங்கே டெஸ்பாட்ச் பிரிவில் பில் போடும் கணினிகள் பகல் வேளையில் திடீரென ஒரு நிமிடம்போல உறைந்து நிற்கும். பிறகு தாமாகவே சரியாகும். சில நிமிடங்கள் சென்றதும் மறுபடியும் சற்றுக் குறைவான நேரம் உறையும். "நின்னு போச்சுங்க சார், பில்லு பாதியிலயே நிக்குதுங்க" என்று அங்குள்ள எழுத்தர் ஃபோனில் சொல்வார். நான் உள்ளே நுழைந்து பார்ப்பதற்குள் எல்லாம் இயல்புக்குத் திரும்பியிருக்கும். இத்தகைய பழுதை நேரில் பிடிப்பது அரிது. நடந்தவற்றை, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச்சுகளே எழுதி வைத்திருந்தால்தான் பிடிக்க முடியும் என்பதால், முதல் வேலையாக லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவை முறைப்படுத்தத் தொடங்கினேன். அந்த வேலையையும் அது காட்டிய காரணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆலையில் நான்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுகள் உள்ளன. அலுவலகத்தில் இருப்பது 2960-எக்ஸ். ஸ்பின்னிங் ஷெட், கோடவுன், டெஸ்பாட்ச் ஆகிய மூன்று இடங்களிலும் இருப்பவை 24 போர்ட்டும் மற்ற ஸ்விட்ச்சுகளுடன் இணைக்கும் இரண்டு கிகாபிட் அப்லிங்க்கும் கொண்ட பழைய 2960 வகை. அலுவலகத்திலிருந்து ஸ்பின்னிங்குக்கும், அங்கிருந்து கோடவுனுக்கும், கோடவுனிலிருந்து டெஸ்பாட்ச்சுக்கும், டெஸ்பாட்ச்சிலிருந்து மீண்டும் அலுவலகத்துக்கும் ஃபைபர் இழுத்து ஒரு வளையமாக மூடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஃபைபர் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு சென்றுவிடும் என்பது இதன் நோக்கம். பில்லிங் சர்வர் அலுவலகத்தில் இருக்கிறது.

டெஸ்பாட்ச் ஸ்விட்ச்சில் "ஷோ லாக்கிங்" என்று கேட்டபோது கிடைத்தது அநேகமாகப் பயனற்ற ஒரு பட்டியல். ஸ்விட்ச் தன் செய்திகளைச் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவு இயல்பான 4096 பைட்டாகவே இருந்தது. ஒரு செய்தி சுமார் 100 எழுத்து வரும் என்று கொண்டால், அதில் நாற்பது வரிகள்தாம் அடங்கும்; காலையில் கணினிகளைப் போடும்போதும் மாலையில் அணைக்கும்போதும் வரும் போர்ட் செய்திகளே அந்த இடம் முழுவதையும் நிரப்பிவிடுகின்றன. வரிகளின் தொடக்கத்தில் தேதியும் மணியும் இருந்தன, ஆனால் அவை உண்மையான தேதிகளாக இல்லை. போதாக்குறைக்கு, பழுது வந்தபோதெல்லாம் ஆலையில் இருந்தவர்கள் டெஸ்பாட்ச் ஸ்விட்ச்சை அணைத்துப் போடுவதை வழக்கமாக்கியிருந்தார்கள். பஃபர் இருப்பது ராமில், அதாவது மின்சாரம் போனால் அழியும் நினைவகத்தில். அணைத்துப் போட்ட அந்தக் கணமே அதில் இருந்த சாட்சியமும் அழிந்துவிடும். பழுதுக்கு மருந்தென்று நினைத்துச் செய்ததே பழுதின் தடயத்தை அழித்துக்கொண்டிருந்தது. எனவே, இனி யாரும் எந்த ஸ்விட்ச்சையும் கையால் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

எதற்கும் முன்னதாக நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்தப் பழைய 2960 ஸ்விட்ச்சில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்து எழும்போதும் அது 1993 மார்ச் 1 என்ற நாளிலிருந்தே எண்ணத் தொடங்கும். நான்கு ஸ்விட்ச்சுகளும் நான்கு வெவ்வேறு கற்பனை நேரங்களைச் சொன்னால், எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதை ஒருபோதும் கோக்க முடியாது. அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதில் குரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை ஓடவிட்டு, ஆலையின் உள்நெட்வொர்க்குக்கு நேரம் வழங்க அனுமதித்தேன். நான்கு ஸ்விட்ச்சுகளிலும் "என்டிபி சர்வர்" என்ற கட்டளையில் (என்டிபி என்பது நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் முறை) அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்தேன். "கிளாக் டைம்ஜோன் ஐஎஸ்டி 5 30" என்று நம் நேர வலயத்தையும், "சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்ஜோன் இயர்" என்று நேரக்குறிப்பின் வடிவத்தையும் எழுதினேன். மில்லிவிநாடி வரை கேட்பது மிகை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஒரே விநாடிக்குள் இரண்டு ஸ்விட்ச்சுகள் பேசும்போது யார் முதலில் பேசினார் என்பதை அதுதான் தீர்க்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். செய்தியில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், ஸ்விட்ச்சின் கடிகாரம் இன்னும் நம்பத்தக்க நேரத்தைப் பெறவில்லை என்று பொருள். ஒரு புள்ளி இருந்தால், முன்பு ஒத்திசைந்திருந்தது, இப்போது என்டிபி சர்வருடன் தொடர்பு விட்டுப்போயிற்று என்று பொருள். ஒன்றும் இல்லையென்றால் நேரம் சரி. லாக்கைப் படிக்கும் பலர் இந்த ஒற்றை எழுத்தைப் பார்ப்பதே இல்லை. இந்தப் பழுதிலோ முடிச்சை அவிழ்த்தவற்றுள் அந்த நட்சத்திரமும் ஒன்று.

அடுத்தது பஃபர். இருந்த சொற்ப வரிகளை முதலில் எடுத்து ஒரு கோப்பில் சேமித்துவிட்டு, "லாக்கிங் பஃபர்ட் 65536 டீபக்கிங்" என்று அளவைக் கூட்டினேன். இந்த ஸ்விட்ச்சுகளின் நினைவகம் சிறியது என்பதால் பல மெகாபைட் ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. 64 கிலோபைட் என்பது சில நூறு வரிகளைத் தாங்கும், அதுவே ஓரிடத்துப் பழுதைப் பார்க்கப் போதும். பஃபரின் நிலையை ஏழாக, அதாவது மிக நுண்ணிய செய்திகளான டீபக்கிங் வரை திறந்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கன்சோலை, அதாவது ஸ்விட்ச்சில் நேரடியாகக் கேபிள் செருகிக் கட்டளையிடும் போர்ட்டைப் பொறுத்தவரை அதற்கு நேர்மாறாகச் செய்தேன். இயல்பில் சிஸ்கோ ஸ்விட்ச் தன் எல்லாச் செய்திகளையும் கன்சோல் போர்ட்டுக்கும் அனுப்புகிறது, அங்கே யாரும் கேபிள் செருகியிருக்கவில்லை என்றாலும்கூட. கன்சோலின் வேகம் 9600 பாட், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகள். செய்திகள் வெள்ளமாக வரும்போது ஒவ்வோர் எழுத்தையும் அந்தக் குறுகிய வழியில் தள்ளுவதற்காக ஸ்விட்ச்சின் செயலி திணறும். பழுது ஆராய வந்தவரே ஸ்விட்ச்சை முடக்கிவிடுவது இப்படித்தான். "லாக்கிங் கன்சோல் கிரிட்டிக்கல்" என்று எழுதி அதை அடக்கினேன். கன்சோலில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது செய்திகள் குறுக்கே விழுந்து கட்டளையைச் சிதைக்காமல் இருக்க, கன்சோல் லைனில் "லாக்கிங் சிங்க்ரனஸ்" சேர்த்தேன். எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே வருபவர் நேரலையாகப் பார்க்க விரும்பினால் "டெர்மினல் மானிட்டர்" என்று கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது செய்திகளை அந்த உபுண்டு சர்வருக்கு அனுப்பும் பகுதி. கருவிகள் தம் செய்திகளை அனுப்பும் முறையான சிஸ்லாக் என்பது 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கியது; பிறகு யூனிக்ஸ் உலகம் முழுவதும் பரவி, ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவணங்களில், 2001இல் ஆர்எஃப்சி 3164 என்றும் 2009இல் ஆர்எஃப்சி 5424 என்றும் எழுத்தில் பதிவாயிற்று. யுடிபி என்ற நெறிமுறையில் 514 என்ற போர்ட் எண்ணுக்குச் செய்தி போகும். போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் கேட்பதும் இல்லை, பெற்றவர் சொல்வதும் இல்லை. இந்தக் குணத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு: எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டிஃபிகேஷன், இன்ஃபர்மேஷனல், டீபக்கிங். எண் சிறிதாக இருந்தால் கடுமை மிகுதி. முன்பு இருந்த அமைப்பில் "லாக்கிங் ட்ராப் எரர்ஸ்" என்று இருந்தது, அதாவது மூன்றாம் நிலையும் அதற்கு மேற்பட்ட கடுமையும் உடையவை மட்டும்தான் சர்வருக்குப் போகும். பெயரைக் கேட்டால் இது நியாயமாகத்தான் தோன்றும்: பிழைகள் மட்டும் வந்தால் போதாதா? போதாது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் பழுது பார்ப்பவருக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் நான்கிலும் ஐந்திலும் ஆறிலும்தாம் இருக்கின்றன. ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுகிறது என்ற செய்தியின் நிலை 4. போர்ட் எர்ர்-டிஸேபிள் ஆனதும் (பிழை கண்டு ஸ்விட்ச்சே அதை மூடியதும்), இருமுனைகளின் டூப்ளெக்ஸ் (தரவை ஒரே நேரத்தில் இருதிசையிலும் அனுப்புவதா என்ற அமைப்பு) ஒத்துப்போகாததும் அதே 4. போர்ட்டின் லைன் புரோட்டோகால் மேலும் கீழும் போவது, அதாவது இணைப்பு செயல்படுவதும் நிற்பதும், 5. யாரோ கட்டமைப்பை மாற்றிவிட்டு வெளியே வந்தார்கள் என்பது 5. ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆயிற்று என்பதும் 5தான். ஒரு கருவி செத்துப் பிழைத்ததை அது வெறும் அறிவிப்பாகவே கருதுகிறது. இவை அனைத்தையும் மூன்றாம் நிலை வடிகட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே "லாக்கிங் ட்ராப் இன்ஃபர்மேஷனல்" என்று ஆறாம் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

அப்படியானால் இரைச்சல் அதிகமாகுமே என்ற கேள்வி எழும். இரைச்சலை நிலையைக் குறைத்து அடக்கக் கூடாது, அது எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அடக்க வேண்டும். இந்த ஆலையில் வரும் வெற்றுச் செய்திகளில் மிகப் பெரும்பான்மை, மேசைக் கணினிகளைப் போடுவதாலும் அணைப்பதாலும் வரும் போர்ட் செய்திகள். எந்தப் போர்ட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சாதாரணக் கணினிகள் உள்ள போர்ட்டுகளில் மட்டும் "நோ லாக்கிங் ஈவன்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்" என்று எழுதினேன். அப்லிங்க், சர்வர், கேமரா, எடைமேடை, பார்கோடு பிரின்டர் ஆகியவற்றின் போர்ட்டுகளில் பேச்சை நிறுத்தவில்லை. அவை கீழே விழுந்தால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதைச் செய்த பிறகு ஆறாம் நிலையில் வைத்திருந்தும், ஒரு முழு வேலைநாளின் லாக்கைத் தேநீர் ஆறுவதற்குள் படித்துவிட முடிந்தது.

ஸ்விட்ச்சில் "லாக்கிங் ஹோஸ்ட்" என்று சர்வரின் முகவரியைக் கொடுத்ததோடு, "லாக்கிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்" என்று நிர்வாக விலானைக் (ஸ்விட்ச்சுகளை நிர்வகிக்க ஒதுக்கிய மெய்நிகர் நெட்வொர்க்) குறிப்பிட்டேன். இல்லாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி உள்ள ஸ்விட்ச் எந்த முகவரியிலிருந்து பேசுமென்று உறுதியில்லை. "லாக்கிங் ஆரிஜின்-ஐடி ஹோஸ்ட்நேம்" என்று ஒவ்வொரு செய்தியிலும் ஸ்விட்ச்சின் பெயரைச் சேர்த்தேன். இவற்றுடன் "சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ்" என்ற ஒரு வரியையும் எழுதினேன். ஒவ்வொரு செய்திக்கும் 000001 என்பதுபோல ஒரு தொடர் எண்ணை அது இடும். பலரும் தேவையில்லை என்று விட்டுவிடும் வரி இது. யுடிபியில் செய்தி தொலைந்தால் அது தொலைந்தது என்பதையாவது தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழி இந்த எண்தான்.

சர்வர் பக்கத்தில், சிஸ்லாக் செய்திகளைப் பெற்றுப் பதியும் மென்பொருளான ஆர்சிஸ்லாகின் யுடிபி உள்ளீட்டு மாட்யூலை இயக்கி, ஃபயர்வாலில் 514ஐத் திறந்தேன். சிஸ்கோவின் செய்தி வடிவம் அந்த ஆர்எஃப்சிகளில் எதனுடனும் அச்சாகப் பொருந்தாது. தொடர் எண்ணும் ஆண்டும் முன்னால் நிற்பதால் ஆர்சிஸ்லாக் சில வேளைகளில் அவற்றைக் கருவியின் பெயர் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே கோப்பின் பெயரைச் செய்திக்குள்ளிருந்து எடுக்காமல், எந்த ஐபியிலிருந்து பாக்கெட் வந்ததோ அதையே பெயராக வைத்து, ஸ்விட்ச்சுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தேன். கூடவே, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சர்வர் தன் கடிகாரப்படி செய்தியைப் பெற்ற நேரம் பதிவாக வேண்டும் என்று டெம்ப்ளேட்டில் எழுதினேன். ஸ்விட்ச் சொல்லும் நேரம் ஒன்று, சர்வர் பெற்ற நேரம் மற்றொன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கோப்புகள் பெருத்து வட்டை அடைத்துவிடாமல் லாக்ரொட்டேட்டையும் அமைத்தேன்.

சோதனைக்கு எந்த ஸ்விட்ச்சிலாவது கட்டமைப்பு முறைக்குள் நுழைந்து வெளியே வந்தால் போதும். உடனே "சிஸ்-5-கான்ஃபிக்_ஐ" என்ற செய்தி பிறக்கும். சர்வரில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 514ஆம் போர்ட்டில் வைத்துப் பார்த்தபோது அந்தச் செய்தி 189 என்ற எண்ணைத் தலையில் சுமந்து வந்தது. சிஸ்கோ இயல்பாகப் பயன்படுத்தும் ஃபெசிலிட்டி (செய்தியின் மூல வகை) லோக்கல்7. அதன் எண் 23. அதை எட்டால் பெருக்கி நிலை 5ஐக் கூட்டினால் 189. இணைப்பு அறுந்தால் வரும் "லிங்க்-3-அப்டவுன்" செய்தி 187 என்று வரும். பாக்கெட் வந்தும் கோப்பில் வரி விழவில்லை என்றால் குறை ஆர்சிஸ்லாகில். பாக்கெட்டே வரவில்லை என்றால் குறை ஸ்விட்ச்சிலோ வழியிலோ. இந்த ஒரு பிரிப்பு வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

எல்லாம் அமைந்த பிறகு காத்திருந்தேன். அலுவலக ஸ்விட்ச்சில் மட்டும் "டீபக் ஸ்பானிங்-ட்ரீ ஈவன்ட்ஸ்" என்று கூடுதலாக இயக்கி வைத்தேன். அதன் செய்திகள் ஏழாம் நிலையில் வருபவை. கன்சோலுக்கும் போகாமல், சர்வருக்கும் போகாமல், பஃபரில் மட்டும் அமைதியாகச் சேரும். பஃபரை ஏழு வரை திறந்து வைத்ததன் காரணம் இதுவே. வளையமாக மூடிய நெட்வொர்க்கில், ஒரு நிமிடம் உறைந்து தானாகத் தெளிவது ஸ்பானிங் ட்ரீயின் (வளையத்தில் தரவு முடிவில்லாமல் சுற்றாதபடி ஒரு போர்ட்டை அடைத்து வைக்கும் முறை) அடையாளம் என்ற ஐயம் எனக்கு முதலிலிருந்தே இருந்தது.

பழுது வந்தது. சர்வரில் ஸ்பின்னிங் ஸ்விட்ச்சின் கோப்பில் இரண்டு வரிகள்:

000087 — 10:42:07 — லைன்புரோட்டோ-5-அப்டவுன்: கிகாபிட் 0/2, டவுன்
000088 — 10:42:08 — லிங்க்-3-அப்டவுன்: கிகாபிட் 0/2, டவுன்

ஸ்பின்னிங்கின் 0/2 போவது கோடவுனுக்கு. உறைந்து நின்றதாகப் புகார் வந்ததோ டெஸ்பாட்ச்சிலிருந்து. ஆனால் டெஸ்பாட்ச்சின் கோப்பில் அந்த நேரத்தில் ஒரு வரிகூட இல்லை. கோடவுனின் கோப்பும் அவ்வாறே. நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் கழிந்ததும் டெஸ்பாட்ச்சிலிருந்து, கோடவுனை நோக்கிய போர்ட் மேலே வந்தது என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதன் தொடர் எண் 000134. அதற்கு முந்தைய கடைசிச் செய்தியின் எண் 000131. இடையில் 132ஐயும் 133ஐயும் காணவில்லை.

உடனே டெஸ்பாட்ச் ஸ்விட்ச்சுக்குள் போய் அதன் பஃபரைப் பார்த்தேன். அங்கே 132உம் 133உம் பத்திரமாக இருந்தன: 10:42:07க்கும் 10:42:08க்கும், கோடவுனை நோக்கிய போர்ட் கீழே போனது என்று. ஸ்விட்ச் எழுதியிருக்கிறது, அனுப்பியும் இருக்கிறது. ஆனால் அனுப்பிய அந்த நேரத்தில் சர்வருக்கு வழியே இல்லாதிருந்ததால் இரண்டு பாக்கெட்டுகளும் எங்கும் சேரவில்லை. உள்ளூர்ப் பஃபர், தொலைவிலுள்ள சர்வர் என்று இரண்டிலும் பதிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பவர் போனால் பஃபர் போகும், பாதை போனால் சர்வர் பதிவு போகும். இரண்டும் ஒரே ஸ்விட்ச்சுக்கு ஒரே நேரத்தில் போவது அபூர்வம்.

கோடவுனின் கோப்பில் முதல் வரி 10:46:58க்குச் சர்வருக்கு வந்திருந்தது. ஆனால் செய்திக்குள் இருந்த நேரமோ நட்சத்திரக் குறியுடன் 1993 மார்ச் 1, காலை 5 மணி 31 நிமிடம். ஸ்விட்ச்சின் பிறந்த நேரம் நள்ளிரவு. அதோடு நம் ஐந்தரை மணி நேர வலயத்தைக் கூட்டினால் அது சரியாகவே வருகிறது. தொடர் எண்ணும் பழைய எண்ணிக்கையை விட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து புறப்பட்டிருந்தது. ஆக, கோடவுன் ஸ்விட்ச் முற்றிலும் அணைந்து புதிதாக எழுந்திருக்கிறது. உள்ளே போய் "ஷோ வெர்ஷன்" கேட்டேன். சில நிமிடங்களே விழித்திருப்பதாகவும், பவர்-ஆன் காரணமாக எழுந்ததாகவும் அது சொன்னது. அங்கே இருந்த ஒரே கணினி எடைமேடையுடையது. அதற்குத் தனி யுபிஎஸ் இருந்ததாலும், எடை விவரம் அந்தக் கணினியிலேயே முதலில் பதிவாவதாலும், கோடவுனிலிருந்து ஒருவரும் புகார் சொன்னதில்லை.

கோடவுன் ஸ்விட்ச் அணைந்தால் டெஸ்பாட்ச் ஏன் உறைய வேண்டும்? டெஸ்பாட்ச்சுக்கு அலுவலகத்துடன் நேரடி ஃபைபர் இருக்கிறதே. அலுவலக ஸ்விட்ச்சின் பஃபர் இதற்கு விடை வைத்திருந்தது. டெஸ்பாட்ச்சை நோக்கிய கிகாபிட் 1/0/26 போர்ட், 10:42:25க்கு லிசனிங் நிலைக்கும், 10:42:40க்கு லேர்னிங் நிலைக்கும், 10:42:55க்குத் தரவை அனுப்பும் ஃபார்வர்டிங் நிலைக்கும் போயிருந்தது. அப்படியானால் அதற்கு முன்பு அந்தப் போர்ட் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. "ஷோ ஸ்பானிங்-ட்ரீ" கேட்டதும் உறுதியாயிற்று: முழு நெட்வொர்க்குக்கும் ஸ்பானிங் ட்ரீயின் தலைமையான ரூட் ஸ்விட்ச்சாக அமர்ந்திருந்தது கோடவுன் ஸ்விட்ச்.

யாரும் அதை ரூட்டாக நியமிக்கவில்லை. எல்லா ஸ்விட்ச்சிலும் முன்னுரிமை இயல்பான 32768ஆகவே இருந்தது. முன்னுரிமை சமமாக இருந்தால் எந்த ஸ்விட்ச்சின் மேக் முகவரி எண்ணளவில் சிறியதோ அது ரூட் ஆகும். பழைய கருவிகளின் முகவரி பெரும்பாலும் சிறியதாக அமையும் என்பதால், கேட்பாரற்று விடப்பட்ட நெட்வொர்க்கில் மிகப் பழைய ஸ்விட்ச்சே தலைமைப் பொறுப்பை ஏற்பது வழக்கமாக நடப்பது. கோடவுன் ரூட்டானதால், வளையத்தைத் துண்டிக்க வேண்டிய இடம் கோடவுனுக்கு நேர் எதிரே, அலுவலகத்துக்கும் டெஸ்பாட்ச்சுக்கும் நடுவே விழுந்துவிட்டது. டெஸ்பாட்ச்சில் போடும் ஒவ்வொரு பில்லும் பக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு நேராகப் போகாமல், கோடவுன் போய், ஸ்பின்னிங் போய், பிறகு அலுவலகம் சேர்ந்துகொண்டிருந்தது.

கோடவுன் அணைந்ததும் டெஸ்பாட்ச் தனித்தீவாகிவிட்டது. அதற்குத் திறந்திருந்த ஒரே வழி போயிற்று. மாற்று வழியோ அலுவலக முனையில் அடைபட்டிருந்தது. பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில், ரூட் இறந்ததை மறைமுகமாக அறிய வேண்டிய ஸ்விட்ச், தான் கடைசியாகக் கேட்ட ரூட்டின் தகவல் காலாவதியாகும் வரை காத்திருக்கும். அந்த மேக்ஸ் ஏஜ் காலம் 20 விநாடி. பிறகு லிசனிங் 15, லேர்னிங் 15. மொத்தம் ஏறத்தாழ 50 விநாடி. லாக்கில் 10:42:07க்கும் 10:42:55க்கும் இடையே உள்ள 48 விநாடி அதனுடன் பொருந்துகிறது. கோடவுன் எழுந்து வந்ததும் ரூட் பதவியை மறுபடியும் ஏற்கிறது. அலுவலக முனை உடனே அடைபடுகிறது, ஆனால் கோடவுன் வழி திறக்க லிசனிங்கும் லேர்னிங்கும் சேர்ந்து 30 விநாடி ஆகிறது. முதலில் நீண்ட உறைவு, நான்கைந்து நிமிடத்தில் அதைவிடக் குறைந்த உறைவு என்று எழுத்தர் சொல்லிவந்த அந்தச் சோடி உறைவின் கணக்கு இதுதான். கடிகாரங்கள் ஒத்திசையாமல் இருந்திருந்தால் இந்த 48, 30 என்ற எண்கள் கிடைத்திருக்கவே மாட்டா.

மிச்சமிருந்தது, கோடவுன் ஸ்விட்ச் ஏன் அணைகிறது என்ற கேள்வி. ரீஸ்டார்ட் நேரங்களை லாக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி ஆலையின் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேஸ்ட் பிரஸ் ஓட்டுற நேரமுங்க" என்றார். கழிவுப் பஞ்சைக் கட்டாகக் கட்டும் பேல் பிரஸ் அந்தக் கோடவுனிலேயே இருக்கிறது. அதன் மோட்டார் கிளம்பும்போது அந்த லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. அந்தச் சரிவைத் தாங்குவதற்கென்றே ஸ்விட்ச்சுக்கு ஒரு யுபிஎஸ் வைத்திருந்தார்கள். அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி பக்கவாட்டில் உப்பிப் போயிருந்தது. மீட்டரை வைத்து, சுமையை ஏற்றியதும் வோல்டேஜ் சட்டென்று கீழே விழுந்தது. விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரியை மாற்றினோம். ஆனால் அத்துடன் நிறுத்துவது பழுதைத் தள்ளிப்போடுவதே ஆகும். அடுத்த பேட்டரியும் ஒருநாள் சாகும். ஆலை ஓய்வாக இருந்த வேளையில் அலுவலக ஸ்விட்ச்சின் முன்னுரிமையை 4096 என்றும், அதற்கு அடுத்தபடியாக ஸ்பின்னிங்கின் முன்னுரிமையை 8192 என்றும், பயன்பாட்டில் உள்ள எல்லா விலான்களுக்கும் எழுதினேன். நான்கு ஸ்விட்ச்சுகளையும் "ரேபிட்-பிவிஎஸ்டி" என்ற வேகமான ஸ்பானிங் ட்ரீ முறைக்கு மாற்றினேன். கணினிகள் உள்ள போர்ட்டுகளில் காத்திருக்காமல் உடனே திறக்கப் போர்ட்ஃபாஸ்ட்டும், வேறு ஸ்விட்ச்சைச் செருகினால் போர்ட்டை மூடப் பிபிடியு கார்டும் சேர்த்தேன். ரூட் அலுவலகத்துக்கு வந்ததும் வளையத்தின் துண்டிப்பு கோடவுனின் பக்கம் நகர்ந்தது. டெஸ்பாட்ச் தன் நேரடி ஃபைபரில் பேசத் தொடங்கியது.

பிறகு டெஸ்பாட்ச் கணினி ஒன்றிலிருந்து சர்வருக்கு, தொடர்பைச் சோதிக்கும் பிங்கை ஓடவிட்டு, கோடவுன் ஸ்விட்ச்சின் பவரை வேண்டுமென்றே பிடுங்கினோம். பிங்கில் ஒன்றும் விடுபடவில்லை. சர்வரின் கோப்புகளில் ஸ்பின்னிங்கும் டெஸ்பாட்ச்சும் தத்தம் போர்ட் கீழே போனதை ஒரே விநாடியில் சொல்லியிருந்தன. டெஸ்பாட்ச்சின் தொடர் எண்களில் இம்முறை இடைவெளி இல்லை. பவரைத் திரும்பக் கொடுத்து, கோடவுன் எழுந்து, நட்சத்திரக் குறியுடன் பேசத் தொடங்கி, சற்று நேரத்தில் என்டிபி கிடைத்து அந்தக் குறி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் அலுவலக ஸ்விட்ச்சில் "அன்டீபக் ஆல்" கொடுத்து டீபக்கை நிறுத்தினேன். அதை ஓடவிட்டே போவது நல்ல பழக்கம் அல்ல. பஃபர், ட்ராப், நேரம், தொடர் எண் ஆகிய மற்ற அமைப்புகள் நிலையாக இருக்கட்டும் என்று விட்டு, நான்கு ஸ்விட்ச்சுகளிலும் கட்டமைப்பைச் சேமித்தேன். "ஆர்க்கைவ்" பகுதியில் கட்டமைப்பு மாற்றங்களைப் பதியும் வசதியை இயக்கி, அவை சிஸ்லாகுக்கும் போகுமாறும், கடவுச்சொற்கள் அதில் தெரியாதவாறும் அமைத்தேன். இனி யாராவது முன்னுரிமை எண்ணை மாற்றினால் எந்தப் பயனர் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பது வரியாக வந்து நிற்கும். சர்வரில், ரீஸ்டார்ட் செய்தியோ, அப்லிங்க் போர்ட் கீழே போன செய்தியோ வந்தால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வருமாறு ஒரு சிறு விதி எழுதியிருக்கிறேன். கோடவுன் யுபிஎஸ்ஸின் பேட்டரி மாற்றிய தேதியை அதன் மேலேயே ஒட்டி, மற்ற மூன்று யுபிஎஸ்களையும் சுமை ஏற்றிச் சோதிக்கும் பொறுப்பை எலக்ட்ரீஷியன் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.